‘என் மெஷினில் வரவில்லையே’: கர்னல் பக்கை இன்னொரு கணினியில் வரவழைப்பது

இயங்குதளத்தின் மையமான கர்னலில் பக் (நிரல் பிழை) ஒன்றைக் கண்டு புகாராக அனுப்பினால் முதலில் வரும் பதில் பெரும்பாலும் இதுதான்: ‘இங்கே ஓட்டிப் பார்த்தோம், வரவில்லை.’ எத்தனை தடவை ஓட்டினார்கள், எவ்வளவு நேரம், எந்த கான்ஃபிக் (கர்னலை உருவாக்கும்போது தேர்ந்த அமைப்புகள்), எத்தனை கோர் என்று எதுவும் சொல்லாத ‘வரவில்லை’யால் யாருக்கும் பயனில்லை. அந்த விவரங்களோடு வந்தால் அதே ‘வரவில்லை’ நல்ல துப்பு. ஒரே பைனரி (கம்பைல் செய்து முடித்த கர்னல் கோப்பு) ஒரு மெஷினில் விழுகிறது, இன்னொன்றில் விழவில்லை என்றால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசங்களில் ஏதோ ஒன்று பக்கைத் தொடுகிறது என்று அர்த்தம். அது எது என்று தேடிப் பிடிப்பதுதான் மொத்த வேலையும்.

இங்கே சொல்வதெல்லாம் லினக்ஸை வைத்து. மற்ற கர்னல்களில் கருவிகளின் பெயர் மாறும், வழி மாறாது.

முதல் மெஷினை விட்டு நகரும் முன்

பக் வருகிற மெஷின் கைவசம் இருக்கும்வரை அதன் அருமை தெரியாது. ஓர் அப்டேட் உள்ளே போய்விட்டாலோ, யாராவது பயாஸில் கை வைத்துவிட்டாலோ பக் காணாமல் போகும். ஏன் போனது என்றும் தெரியாது. ஆகவே அந்த மெஷினை முதலில் அப்படியே நிறுத்தி வையுங்கள். தானாக நடக்கும் அப்டேட்டை அணையுங்கள், ஃபர்ம்வேரைத் தொடாதீர்கள், ஓடிக்கொண்டிருக்கும் கர்னல் இமேஜ், கான்ஃபிக் கோப்பு, மாட்யூல் கோப்பகம் மூன்றையும் தனியாக நகல் எடுங்கள். டீபக் தகவலோடு இருக்கும் விஎம்லினக்ஸ் கோப்பு அதே பில்டில் உருவானதாக இருக்க வேண்டும். சோர்ஸ் அதேதானே என்று மறுபடி கம்பைல் செய்தால், கம்பைலர் ஒரு பதிப்பு மாறியிருந்தாலே முகவரிகள் நகர்ந்துவிடும். ஸ்டாக் ட்ரேஸை (விழும்போது எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டிருந்தது என்ற பட்டியலை) சோர்ஸ் வரிகளாக மாற்றும் டிகோட்-ஸ்டாக்ட்ரேஸ் ஸ்கிரிப்ட் கொஞ்சமும் தயங்காமல் தப்பான வரியைக் காட்டும்.

பூட் வரி (தொடக்கத்தில் கர்னலுக்குக் கொடுக்கும் ஆப்ஷன்கள்) முழுவதும், மைக்ரோகோட் பதிப்பு, பயாஸ் தேதி, பிராசஸரையும் சாதனங்களையும் பட்டியலிடும் எல்எஸ்சிபியு, எல்எஸ்பிசிஐ கட்டளைகள் இரண்டின் முழு வெளியீடு, ஓடுகிற கிளாக்சோர்ஸ், வட்டுக்கு எந்த ஐஓ ஷெட்யூலர் (படிக்கும், எழுதும் கோரிக்கைகளை வரிசைப்படுத்தும் பகுதி), மவுன்ட் ஆப்ஷன்கள், சிபியு கவர்னர், சிஸ்சிடிஎல் மதிப்புகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். இன்றைக்குத் தேவையில்லாதது போலத் தோன்றும் ஐஓ ஷெட்யூலர்தான் நாளைக்கு விடையாக வந்து நிற்கும். அப்படி ஒன்று நடந்திருக்கிறது, கீழே சொல்கிறோம்.

பதிவில் ஊப்ஸ் (கர்னல் தன்னுள் பிழை கண்டு எழுதும் செய்தி) பல இருந்தால் முதலாவதைத்தான் நம்ப வேண்டும். ஒரு ஊப்ஸ் ஆனபிறகு பிடித்த பூட்டு விடப்படாமல் கிடக்கும், பாதியில் நின்ற டேட்டா கிடக்கும். அடுத்து வருபவை அதன் எதிரொலியாக இருக்கலாம். டெயின்ட் மதிப்பையும் பாருங்கள்; கர்னலுக்கு முன்பே என்னென்ன நேர்ந்தது என்பதை ஒரே எண்ணாகக் கூட்டிச் சொல்வது அது. அதில் 128 சேர்ந்திருந்தால் ஏற்கெனவே ஓர் ஊப்ஸ் ஆகிவிட்டது. 512 என்றால் முன்பே ஒரு வார்னிங் வந்திருக்கிறது, மேலே தேடுங்கள். 16 என்றால் பிராசஸரே மெஷின் செக் பிழை சொல்லியிருக்கிறது. 4097 என்றால் மூடிய மூலநிரலோடு வெளியிலிருந்து வந்த மாட்யூல் ஏறியிருக்கிறது. அதை ஏற்றாமல் பூட் செய்தும் பக் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

கடைசி வரிகள் கைக்குக் கிடைப்பது தனிப் பாடு. கர்னல் விழும்போது எழுத வேண்டிய ஆளும் கூடவே விழுவதால், வட்டில் இருக்கும் பதிவு முக்கியமான இடத்துக்குச் சற்று முன்பே நின்றுபோயிருக்கும். சீரியல் போர்ட் இருந்தால் அதைவிட நம்பகமானது இல்லை: கன்சோலை 115200 வேகத்தில் அதற்குத் திருப்பி, மறுமுனையில் ஒரு கணினி பதிவு செய்துகொண்டே இருக்கட்டும். சீரியல் இல்லாத மெஷினுக்கு நெட்கன்சோல். இது யுடிபி வழியாக, வழக்கமாக 6666-ஆம் போர்ட்டுக்கு, வரிகளை அனுப்பும். கம்பி இணைப்புள்ள நெட்வொர்க் கார்டு வேண்டும், வைஃபையை நம்பிப் போகாதீர்கள். பெறும் கணினி வேறு சப்நெட்டில் இருந்தால் கேட்வேயின் மேக் முகவரியைக் கொடுக்க வேண்டும். கன்சோலின் லாக்லெவலை 8 ஆக்க மறந்தால் பல வரிகள் அந்தப் பக்கம் போகவே போகாது. நெட்கன்சோல் வேலை செய்யவில்லை என்ற புலம்பலுக்கு அடிக்கடி காரணம் இதுதான். யுஇஎஃப்ஐ உள்ள கணினியில் பிஸ்டோர் இருக்கிறது: விழும் நேரத்துப் பதிவு ஃபர்ம்வேர் நினைவகத்தில் தங்கி, அடுத்த பூட்டில் கோப்பாகத் தெரியும். முழு நினைவகமும் வேண்டுமென்றால் கேடம்ப். அதற்கு, விழுந்தபின் எழுந்து நினைவகத்தை நகலெடுக்கும் கிராஷ்கர்னலுக்கென்று 256 எம்பி போல ஒதுக்க வேண்டும், டிரைவர்கள் அதிகமுள்ள பெரிய மெஷினில் அது போதாமல் போகும்.

எதை அமைத்தாலும் பக் வரும்வரை காத்திருந்து சோதிக்காதீர்கள். கர்னலுக்கு நேரடியாகக் கட்டளையிடும் சிஸ்ஆர்க்யூ டிரிகருக்கு ‘சி’ என்று எழுதி வேண்டுமென்றே ஒருமுறை கர்னலை விழவைத்து, வரிகள் வந்து சேர்கின்றனவா என்று பாருங்கள். விழாமல் உறைந்துபோகும் ரகமாக இருந்தால் சாஃப்ட் லாக்அப் (ஒரு கோர் கர்னலுக்குள்ளேயே சிக்கிக்கொள்வது), ஹங் டாஸ்க் (ஒரு டாஸ்க் அசையாமல் நிற்பது) இரண்டையும் பேனிக்காக (கர்னல் முழுவதும் விழுவதாக) மாற்றுங்கள். இயல்பு மதிப்பில் முதலாவது 20 வினாடியிலும் இரண்டாவது 120 வினாடியிலும்தான் வாய் திறக்கும். 60 வினாடியில் பொறுமை இழந்து பவர் பட்டனை அழுத்துபவருக்கு இரண்டாவது கிடைக்காது.

கர்னல்தான் குற்றவாளியா?

ஒரே ஒரு மெஷினில் மட்டும் வருகிற பக்கில் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகக் கூடாது. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஒரே ஸ்டாக் ட்ரேஸோடு விழுந்தால் கோடில் பிழை இருக்கும் வாய்ப்பு அதிகம். ஒருமுறை ஃபைல்சிஸ்டத்தில், ஒருமுறை நெட்வொர்க்கில், ஒருமுறை ஷெட்யூலரில் என்று ஊர் சுற்றினால், யாரோ நினைவகத்தைக் கெடுக்கிறார்கள். அது இன்னொரு டிரைவராகவும் இருக்கலாம், ரேமாகவும் இருக்கலாம்.

கர்னலின் இணைப்புப் பட்டியல் (லிஸ்ட்) கெட்டுப்போனதாக வரும் செய்தியில் எதிர்பார்த்த முகவரியும் இருந்த முகவரியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இரண்டையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். 7040 என்று முடிய வேண்டியது 7060 என்று முடிந்து, மற்ற எல்லா இலக்கமும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் மாறியது ஒரே ஒரு பிட்: பதினாறடிமானத்தில் 4 என்பது 0100, 6 என்பது 0110. இது ரேம் பழுதின் கையெழுத்து. ஆனால் உடனே மெமரியைக் கழற்றாதீர்கள். விடுவித்துவிட்ட ஆப்ஜெக்டில் ஏதோ ஒரு டிரைவர் பழைய ஞாபகத்தில் ஒரு ஃப்ளாக் பிட்டைப் போட்டாலும் இதே தோற்றம்தான். எல்லா விழுதலிலும் அதே பிட் மாறுகிறதா, அதுவும் வெவ்வேறு மெஷின்களில் மாறுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். வெவ்வேறு ரேம்கள் ஒரே பிட்டில் பழுதாவது நடக்காத காரியம்.

மெம்டெஸ்ட்86+ ஓட்டுவதென்றால் ஒரு சுற்றோடு நிறுத்தாமல் இரவு முழுக்க ஓட்டுங்கள். அதில் பிழை வந்தால் கோளாறு வன்பொருளில்தான், பெரும்பாலும் ரேமில். வரவில்லை என்பதற்காக ரேம் நல்லது என்று ஆகாது, பளுவும் சூடும் சேர்ந்தால் மட்டும் தவறும் ரேம்கள் உண்டு. எக்ஸ்எம்பி (ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பு), ஓவர்கிளாக் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மறுபடி பாருங்கள். ஈசிசி (பிழை திருத்தும் ரேம்) இருந்தால், அந்தப் பிழைகளைக் குறித்து வைக்கும் ராஸ்டீமன் பதிவைப் பாருங்கள். சந்தேகம் தீரவில்லையென்றால் இருக்கவே இருக்கிறது பழைய முறை: அதே மாடலில் இன்னொரு மெஷினுக்கு வட்டை மாற்றிப் போட்டு, பக் வட்டோடு போகிறதா, பெட்டியோடு தங்குகிறதா என்று பார்ப்பது.

நினைவக ஒதுக்கீட்டைச் சோதிக்கும் ஸ்லப் டீபக்கை பூட் வரியில் போட்டு ஓட்டினால் சில மதிப்புகள் தாமாகவே பேசும். ரெஜிஸ்டரில் 6பி 6பி 6பி என்று வரிசையாக நின்றால் விடுவித்த நினைவகத்தைத் தொட்டிருக்கிறார்கள். 5ஏ வரிசை என்றால் வாங்கியதை நிரப்பாமலே பயன்படுத்தியிருக்கிறார்கள். இப்படித் தெளிவான வடிவம் கிடைத்தால் ரேம் மீதான சந்தேகத்தை விட்டுவிடலாம்.

அளக்காமல் மாற்றாதீர்கள்

இன்னொரு மெஷினுக்குப் போகும் முன், பக் வருகிற மெஷினில் அது எவ்வளவு அடிக்கடி வருகிறது என்ற கணக்கு வேண்டும். இதைச் செய்யாமல் தாவுவதால்தான் பாதி நேரம் வீணாகிறது. ரீப்ரோவை (பக்கை வரவழைக்கும் நிரலை) ஒரு ஸ்கிரிப்டில் போட்டு, ஒவ்வொரு ஓட்டத்தின் தொடக்க நேரம், முடிந்த நேரம், விழுந்ததா இல்லையா என்று இன்னொரு கணினியில் எழுதிக்கொண்டே போங்கள். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் புதிதாக பூட் செய்வதா, ஒரே பூட்டில் திரும்பத் திரும்ப ஓட்டுவதா என்பதை முதலிலேயே முடிவு செய்து மாற்றாமல் இருங்கள். மெமரி துண்டு துண்டானபிறகு மட்டும் வரும் பக்குகள் உண்டு. பூட் ஆன முதல் சில நிமிடத்தில் மட்டும் வருபவையும் உண்டு. இரண்டையும் கலந்து எண்ணினால் கிடைக்கும் சதவீதத்துக்கு அர்த்தமில்லை.

கணக்கு எளிது. பத்து ஓட்டத்துக்கு ஒருமுறை வரும் பக் ஒன்று, தொடர்ந்து 10 முறை வராமல் இருக்க 35% வாய்ப்பு இருக்கிறது. 95% நம்பிக்கையோடு ‘இங்கே வரவில்லை’ என்று சொல்ல 29 முறை சுத்தமாக ஓட வேண்டும். 99% வேண்டுமென்றால் 44. மனக்கணக்குக்கு, 3-ஐ வரும் விகிதத்தால் வகுத்தால் போதும். திருப்பியும் படிக்கலாம்: 30 ஓட்டத்தில் ஒருமுறையும் வரவில்லை என்றால், விகிதம் 10% வரைகூட இருக்கலாம் என்பதைத் தாண்டி எதுவும் நிரூபணமாகவில்லை. நான்கு முறை ஓட்டிவிட்டு ‘பேட்ச் வேலை செய்கிறது’ என்பவரிடம் இதைக் காட்டுங்கள்.

எந்த வித்தியாசம்?

இரண்டாவது மெஷினில் முதலில் ஓட்ட வேண்டியது அதே பதிப்புள்ள கர்னலை அல்ல, அதே பைனரியை. கூடவே அதே ரூட் ஃபைல்சிஸ்டம் இமேஜ். பதிப்பு எண் ஒன்றாக இருந்தாலும் ஒருவர் கான்ஃபிக்கில் எச்இசட் (டைமர் வினாடிக்கு அடிக்கும் எண்ணிக்கை) 250, இன்னொருவரிடம் 1000. ஒருவரிடம் முழு ப்ரீஎம்ப்ஷன் (கர்னல் வேலையையே இடையில் நிறுத்தி வேறொன்றை ஓட்டுவது), இன்னொருவரிடம் இல்லை. டைமர் 4 மில்லிவினாடிக்கு ஒருமுறை அடிப்பதற்கும் 1 மில்லிவினாடிக்கு ஒருமுறை அடிப்பதற்கும் இடையே ரேஸ் பக்குகள் (இரு வேலைகள் எந்த வரிசையில் நடக்கின்றன என்பதைப் பொறுத்து வருபவை) பிறந்து மறையும். லோக்கல்மாட்கான்ஃபிக் கொண்டு சுருக்கிய கான்ஃபிக்கை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். அது முதல் மெஷினில் அப்போது ஏறியிருந்த மாட்யூல்களை மட்டும் வைத்திருக்கும், இரண்டாவதில் வட்டே தெரியாமல் பூட் நின்றுவிடும்.

பைனரி ஒன்றாக இருந்தும் வரவில்லை என்றால், மெஷின் இரண்டை மெஷின் ஒன்றைப் போல மாற்ற முயல்வதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். எதிர்த்திசையில் போவது பெரும்பாலும் வேகமானது. பக் வரும் மெஷினை ஒவ்வொன்றாக முடக்குங்கள்: கோர்களை பூட் வரியில் 2 ஆக்குங்கள், ஹைப்பர்த்ரெடிங்கை அணையுங்கள், மெமரியை 4 ஜிபியாகக் குறையுங்கள், ஐஓஎம்எம்யூவை (சாதனங்களின் நினைவக அணுகலைக் கட்டுப்படுத்துவது) அணையுங்கள், சி-ஸ்டேட்டை (பிராசஸரின் தூக்க நிலை) 1-க்கு மேல் போகாமல் தடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று. அணைத்ததும் விகிதம் சட்டென்று விழுந்தால் பிடித்துவிட்டீர்கள்; விழவில்லையென்றால் அந்த வித்தியாசத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம்.

2018 கடைசியில் 4.19 கர்னலில் வந்த டேட்டா கெடும் பக்கை இதற்கு உதாரணமாக எப்போதும் சொல்லலாம். கெட்டது இஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டம் உள்ள பார்ட்டிஷன்கள், அதனால் முதல் சந்தேகம் இஎக்ஸ்டி4 மேல் விழுந்தது. சிலருக்குத் திரும்பத் திரும்ப வந்தது, பலருக்கு எவ்வளவு ஓட்டியும் வரவில்லை. உண்மையில் பிழை அதற்குக் கீழே, பிளாக் லேயரில் இருந்தது. வட்டுக் கோரிக்கைகளைக் கையாளும் அந்த அடுக்கின் பிஎல்கே-எம்க்யூ பகுதி ஒரு கோரிக்கையை ஷெட்யூலர் இல்லாமல் நேரடியாக ஸ்கஸி சாதனத்துக்கு அனுப்பும். சாதனம் ‘இப்போது முடியாது’ என்று திருப்பி அனுப்பினால் கோரிக்கை மறுபடி வரிசையில் நிற்கும். அதற்குள் ஸ்கஸி பகுதி அந்தக் கோரிக்கைக்கான மெமரி அட்டவணையைத் தயாரித்து முடித்திருக்கும். வரிசையில் நிற்கும்போது பக்கத்துக் கோரிக்கை ஒன்று இதனோடு இணைந்தால், அட்டவணை பழைய அளவுக்கே இருக்கும். இணைந்த பகுதி எழுதப்படாமலோ படிக்கப்படாமலோ போகும். ஆக, பக் வர நேரடி அனுப்பு, சாதனம் திணறுவது, இணைப்பு மூன்றும் ஒரே கோரிக்கைக்கு நடக்க வேண்டும். வட்டுக்கு எம்க்யூ-டெட்லைன் போன்ற ஷெட்யூலர் வைத்திருந்தவர்களுக்கு முதல் நிபந்தனையே நிறைவேறவில்லை. அவர்கள் மாதக்கணக்கில் ஓட்டியிருந்தாலும் வந்திருக்காது. ஐஓ ஷெட்யூலரைக் குறித்து வையுங்கள் என்று மேலே சொன்னது இதனால்தான். இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது: விழுந்த இடம் எதுவோ அதைச் சோதிக்கும் டெஸ்ட்டுகளையே ஓட்டிக்கொண்டிருந்தால் கீழடுக்கின் நிபந்தனைகள் மாறவே மாறாது.

பிராசஸர் வகையே வேறாக இருந்தால் கதை வேறு. எக்ஸ்86-இல் ஒரு ஸ்டோர் (எழுதுவது), அதற்குப் பின்வரும் வேறு முகவரியின் லோடுக்கு (படிப்பது) பின்னால் தள்ளிப்போகலாம். சாதாரண மெமரியில் மற்ற வரிசைகள் கலையாது. ஆர்ம் இன்னும் நிறைய கலைக்கும். மெமரி பேரியர் (இந்த வரிசை கலையாமல் தடுக்கும் கட்டளை) விட்டுப்போன பக் ஒன்று ஆர்ம் சர்வரில் தினமும் வந்துகொண்டிருக்க, எக்ஸ்86-இல் கோடி முறை ஓட்டினாலும் வராமல் இருப்பது சகஜம். அதைப் பிடிக்க எக்ஸ்86 கணினியில் க்யூஎமு வைத்து ஆர்மை எமுலேட் செய்வதும் வீண். கோட் கடைசியில் எக்ஸ்86-இல்தானே ஓடுகிறது, அதன் ஒழுங்கான வரிசைதான் கிடைக்கும். உண்மையான ஆர்ம் வன்பொருள் வேண்டும். பேஜ் (கர்னல் நினைவகத்தைப் பிரித்துக் கையாளும் துண்டு) அளவும் அப்படித்தான்: 4096 என்று நம்பி எழுதிய கோட், 64 கேபி பேஜ் உள்ள ஆர்ம் கர்னலில் மட்டும் உடையும். இதற்கு மட்டும் எமுலேஷன் போதும்.

ஜன்னலை அகலமாக்குவது

ரேஸ் என்று தெரிந்துவிட்டால், வரும் நேரம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஒரு த்ரெட் ஒரு பாயிண்டரைச் சரிபார்க்கிறது, நாலு வரி கழித்துப் பயன்படுத்துகிறது. அந்த இடைவெளியில் இன்னொரு த்ரெட் அதை விடுவிக்கிறது. இந்த இடைவெளிதான் ‘ஜன்னல்’; அது சில நூறு நானோவினாடிதான். அங்கே ஓர் எம்டிலே (தூங்காமல் சுற்றிக் காத்திருக்கும் தாமதம்) வைத்து 5 மில்லிவினாடி ஆக்கினால், வாரம் ஒருமுறை வந்தது நிமிடத்துக்கு ஒருமுறை வரும். எம்ஸ்லீப் வைக்காதீர்கள். ஸ்பின்லாக் (பிடித்தவர் தூங்கக் கூடாத பூட்டு) பிடித்திருக்கும் இடத்தில் தூங்கினால் புதிதாக ஒரு பக்கை நீங்களே செய்தவர்கள் ஆவீர்கள். தாமதம் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்க வேண்டும், இரு த்ரெட்டிலும் வைத்தால் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். அந்த ஃபங்ஷனை சிஸ்டம் முழுக்கக் கூப்பிடுகிறது என்றால் எல்லாமே நத்தை வேகமாகும். அப்போது ஓடும் டாஸ்க்கின் பெயர் நம் ரீப்ரோவின் பெயராக இருந்தால் மட்டும் தாமதிக்கச் சொல்லுங்கள். அந்தப் பெயர் கர்னலில் 15 எழுத்தோடு வெட்டப்படும் என்பதை நினைவில் வையுங்கள்.

இந்தத் தாமதம் வைத்த கர்னல் தனியாக எதையும் நிரூபிக்காது. அந்த ஜன்னல் இருக்கிறது என்று காட்டும், அவ்வளவுதான். அசல் மெஷினில் விழுந்த ஸ்டாக் ட்ரேஸும் இங்கே விழுந்ததும் ஒன்றா என்று கட்டாயம் ஒப்பிட வேண்டும். பக்கத்திலேயே வேறொரு பக்கைக் கிளப்பிவிட்டு அதைச் சரிசெய்து மகிழ்ந்தவர்கள் ஏராளம்.

கோடைத் தொடாமல் அகலமாக்கவும் வழி உண்டு. விஎம் (மெய்நிகர் கணினி) ஒன்றுக்கு 4 விசிபியு (மெய்நிகர் கோர்) கொடுத்து, நான்கையும் ஒரே நிஜ கோரில் கட்டிப்போடுங்கள். ஒரு விசிபியு பூட்டைப் பிடித்திருக்கும்போதே ஹைப்பர்வைசர் அதைச் சில மில்லிவினாடி ஓரம் கட்டிவிடும். நேரடி வன்பொருளில் அரிதாகவே நடப்பது இங்கே வினாடிக்குப் பலமுறை நடக்கும். ரீப்ரோவின் இரு த்ரெட்டையும் டாஸ்க்செட்டால் ஒரே கோரின் இரட்டை த்ரெட்டுகளிலும், பிறகு வெவ்வேறு சாக்கெட்டிலும் ஓட்டிப் பாருங்கள்; விகிதம் பத்து மடங்கு மாறுவதுகூட உண்டு. பிழை கையாளும் பாதையில் சந்தேகம் என்றால் ஃபால்ட் இஞ்செக்‌ஷனைப் போட்டு மெமரி ஒதுக்கீட்டைத் தோற்கவையுங்கள். வட்டுப் பிழைக்கு டிஎம்-ஃப்ளேக்கி, தாமதத்துக்கு டிஎம்-டிலே, நெட்வொர்க்குக்கு நெட்எம்.

விஎம்மில் வராதவையும் தெரிந்திருக்க வேண்டும்: சி-ஸ்டேட், மைக்ரோகோட், நிஜ சாதனத்தின் டிஎம்ஏ (சாதனம் நேரடியாக நினைவகத்தை அணுகுவது). இன்டெல்லின் பே டிரெயில் சிப்கள் ஆழ்ந்த சி-ஸ்டேட்டுக்குப் போகையில் உறைந்தபோது, பலரும் சி-ஸ்டேட்டை 1-இல் நிறுத்தித்தான் ஓட்டினார்கள். எந்த விஎம்மும் அதைக் காட்டியிருக்காது. அந்த வகை பக்கில் அளவிடும் கருவியே இடைஞ்சல்: ப்ரொஃபைலர் ஒன்று இடைவிடாமல் ஓடினால் பிராசஸர் தூங்கவே போகாது, பக்கும் வராது.

பிரின்ட்கே (கர்னல் பதிவில் ஒரு வரி எழுதும் ஃபங்ஷன்) போட்டதும் பக் மறைந்தது என்ற புகாருக்கும் கணக்கு இருக்கிறது. 115200 வேக சீரியலில் ஒரு எழுத்துக்கு 10 பிட், ஆக வினாடிக்கு 11,520 எழுத்து. 80 எழுத்து வரி ஒன்று வெளியேற கிட்டத்தட்ட 7 மில்லிவினாடி. சில நூறு நானோவினாடி ஜன்னலைத் தேடும் இடத்தில் 7 மில்லிவினாடி கல்லைப் போட்டால் ஒழுங்கு மாறத்தானே செய்யும்? ட்ரேஸ்-பிரின்ட்கே பயன்படுத்துங்கள். அது நினைவகத்தில் உள்ள ரிங் பஃபரில் மட்டும் எழுதும். ஊப்ஸ் ஆகும்போது பஃபரைக் கொட்டும்படி கர்னலின் ட்ரேஸ் கருவியான எஃப்ட்ரேஸுக்குச் சொல்லி வைத்தால் போதும்.

கேசான் (தவறான நினைவக அணுகலைப் பிடிக்கும் கருவி) போட்ட கர்னலும் வேகம் குறைந்ததுதான், ரேமில் எட்டில் ஒரு பங்கையும் எடுத்துக்கொள்ளும். சில ரேஸ்கள் அதில் வராது. ஆனால் சத்தமில்லாமல் நினைவகத்தைக் கெடுத்துவிட்டு எங்கோ விழும் பக்கை, கெடுத்த இடத்திலேயே பிடித்துக் கொடுக்கும். ஒதுக்கியது யார், விடுவித்தது யார் என்ற இரண்டு ட்ரேஸும் கிடைக்கும். ஆகவே இரண்டு கர்னலையும் ஓட்டுங்கள். உற்பத்தியில் இருக்கும் மெஷினில் கேசான் போட முடியாதபோது, 5.12 கர்னலிலிருந்து இருக்கும் கேஃபென்ஸ் உதவும்: 100 மில்லிவினாடிக்கு ஓர் ஒதுக்கீட்டை மட்டும் காவலில் வைக்கும், பளு தெரியாது, ஒரே மெஷினில் மாட்டுவது அபூர்வம், நூறு மெஷினில் போட்டால் ஒன்றில் மாட்டும். டேட்டா ரேஸுக்கு கேசிசான். அது வேண்டுமென்றே ஒரு மெமரி அணுகலில் நின்று, இயல்பு மதிப்பில் டாஸ்க் என்றால் 80 மைக்ரோவினாடி, இன்டரப்ட் என்றால் 20 மைக்ரோவினாடி, வேறு யாராவது தொடுகிறார்களா என்று பார்க்கும். ஜன்னல் அகலமாக்கும் வேலையை அதுவே செய்துகொள்கிறது.

‘இந்த ரேஸ் காகிதத்தில்தான் சாத்தியம்’ என்று ஒதுக்குபவர்களுக்கு டர்ட்டி கவ் என்ற கர்னல் பாதுகாப்பு ஓட்டை ஞாபகம் இருக்கட்டும். 2007-இன் 2.6.22 கர்னல் முதல் இருந்து, 2016 அக்டோபரில்தான் சரியானது. அந்தத் திருத்தத்தின் குறிப்பிலேயே, பல ஆண்டுக்கு முன் ஏட்டளவில் இருந்த ரேஸ், மெமரி நிர்வாகம் பெரிய மெஷின்களுக்கு ஏற்ப வளர்ந்ததால் எளிதில் வருவதாகிவிட்டது என்று லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதினார்.

கடிகாரம் பார்த்து வரும் பக்குகள்

49.7 நாளில் விழுந்தால் 32 பிட் மில்லிவினாடி எண்ணி நிரம்பியிருக்கிறது. விண்டோஸ் 95 இதற்குப் பெயர்போனது. 208 நாளில் என்றால் 2-இன் 54-ஆம் அடுக்கு நானோவினாடி. பழைய லினக்ஸ் கர்னல்களின் ஷெட்யூலர் கடிகாரக் கணக்கு அங்கேதான் நிரம்பி வழிந்தது. இப்படி எண்ணோடு பொருந்தும் பக்கை அத்தனை நாள் காத்திருந்து வரவழைக்க வேண்டியதில்லை, எண்ணியின் தொடக்க மதிப்பை நிரம்பும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்து பூட் செய்தால் போதும். டைமர் அடிப்பதை எண்ணும் லினக்ஸின் ஜிஃபீஸ் எண்ணி இதற்காகவே 32 பிட் கணக்கில் பூட் ஆன 5 நிமிடத்தில் சுற்றும்படி தொடங்குகிறது. பூட் ஆகிச் சரியாக 5 நிமிடத்தில் ஏதாவது கெட்டால் முதலில் அங்கே பாருங்கள்.

2012 ஜூன் 30 லீப் வினாடியில் (உலக நேரத்தில் கூடுதலாகச் சேர்த்த வினாடி) உலகெங்கும் சர்வர்கள் சிபியுவைத் தின்றதையும் இப்படியே வரவழைக்கலாம். நெட்வொர்க் வழியே நேரத்தைத் திருத்தும் என்டிபி டீமனை நிறுத்திவிட்டு, நேரத்தை யுடிசி நள்ளிரவுக்கு 10 வினாடி முன் வைத்து, அட்ஜ்டைமெக்ஸ் வழியாக லீப் வினாடி சேர்க்கும் கொடியைப் போடுங்கள். என்டிபியை நிறுத்த மறந்தால் அது நேரத்தைத் திருத்திவிடும், ‘வரவில்லை’ என்று தவறாக எழுதுவீர்கள்.

பைசெக்ட்

பக்கைக் கொண்டுவந்த கமிட்டை (கோடில் செய்த ஒரு மாற்றத்தை) பாதி பாதியாக வெட்டித் தேடுவதுதான் பைசெக்ட். இரண்டு வெளியீட்டுக்கு இடையே வழக்கமாகப் பத்தாயிரத்துக்கு மேல் கமிட் இருக்கும், 14 படிக்குள் முடிந்துவிடும். எப்போதும் வரும் பக் என்றால் ஒரு நாள் வேலை. எப்போதாவது வரும் பக்கில்தான் சறுக்கல். பக் வந்துவிட்டால் ‘கெட்டது’ என்பது உறுதி. வராதபோது ‘நல்லது’ என்று தப்பாகக் குறிக்கும் ஆபத்து எப்போதும் உண்டு. 14 படியில் 7 கெட்ட கமிட் என்று வையுங்கள். ஒவ்வொன்றிலும் 5% தவறு வாய்ப்பை ஏற்றுக்கொண்டால் மொத்தத்தில் 30% வாய்ப்பில் சம்பந்தமில்லாத கமிட்டில் போய் நிற்பீர்கள். 1% ஆக்கினால் அது 7%. ஆகவே பைசெக்டுக்கு 95% போதாது. பத்துக்கு ஒன்று வரும் பக்குக்குப் படிக்கு 44 ஓட்டம் வேண்டும். அதைவிட, ஜன்னலை அகலமாக்கி விகிதத்தை முதலில் உயர்த்திவிட்டு பைசெக்டுக்குள் போவது லாபம்.

கான்ஃபிக் நழுவுவது இன்னொரு பொறி. பழைய கமிட்டுக்குப் போகும்போது, கான்ஃபிக்கை அதற்கேற்பச் சரிசெய்யும் ஓல்ட்டெஃப்கான்ஃபிக் அங்கே இல்லாத ஆப்ஷனைச் சத்தமில்லாமல் எடுத்துவிடும். புதிய கமிட்டுக்குத் திரும்பும்போது அது இயல்பு மதிப்போடு வரும், உங்கள் மதிப்போடு அல்ல. ஒவ்வொரு படியிலும் மூல கான்ஃபிக்கின் நகலிலிருந்தே தொடங்குங்கள். கம்பைல் ஆகாத கமிட்டுக்கு ஸ்கிரிப்ட் 125 என்று திருப்பித் தரட்டும், கிட் அதைத் தாண்டிப் போகும். கெட்டது என்று குறிப்பதற்கு முன், விழுந்தது அதே ஸ்டாக் ட்ரேஸ்தானா என்று ஸ்கிரிப்டே பார்க்க வேண்டும். இடையில் வேறொரு பக்கால் பூட் ஆகாத கமிட்டும் 125 தான்.

கைமாற்றும்போது

இன்னொருவருக்கு அனுப்பும் ரீப்ரோ ஒரே சி கோப்பாக, வெளி லைப்ரரி இல்லாமல் இருந்தால் ஓட்டிப் பார்ப்பார்கள். பத்து சர்வீஸ் ஏற்ற வேண்டுமென்றால் மாட்டார்கள். கர்னல் பக்குகளைத் தானாகத் தேடும் கூகுளின் சிஸ்பாட் அனுப்பும் புகார்களைப் பாருங்கள்: கமிட், கான்ஃபிக், கிடைத்தால் சி நிரல், விழுந்த பதிவு என்று வேண்டியது மட்டும் இருக்கும். வட்டு வேண்டுமென்றால் லூப் கோப்பில் வையுங்கள், சிறப்பு வன்பொருள் வேண்டுமென்றால் போலி வட்டுகளை உருவாக்கும் ஸ்கஸி-டீபக், நல்-பிளாக் இவற்றால் சமாளிக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். கூடவே, எந்த மெஷினில் எத்தனை ஓட்டத்தில் எத்தனை விழுந்தது என்று எழுதுங்கள். விழாத மெஷின்களையும் அதே வரிசையில் போடுங்கள். ‘8 கோர், எச்இசட் 250, 200 ஓட்டம், 0’ என்ற ஒரு வரி, படிப்பவருக்குப் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

பேட்ச் வந்ததும், முதலில் பக் வந்த அந்த மெஷினில், அளந்து வைத்த விகிதத்துக்கு ஏற்ற எண்ணிக்கையில் ஓட்டுங்கள். தாமதம் வைத்த கர்னலிலும் ஓட்டுங்கள். பேட்ச் ஜன்னலை மூடியிருக்கிறதா, வெறும் நேரத்தை நகர்த்தியிருக்கிறதா என்பது அங்கேதான் வெளிச்சமாகும். அது முடிந்தபிறகு பேட்சை மட்டும் எடுத்துவிட்டு, அதே கம்பைலரில் மறுபடி பில்ட் செய்து ஓட்டுங்கள். பக் பழைய விகிதத்தில் திரும்பி வர வேண்டும். வரவில்லையென்றால் இடையில் வேறு ஏதோ மாறியிருக்கிறது, பேட்ச் சரியா என்ற கேள்விக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.